பூட்டிய வீட்டிலிருந்து ஒரு சீர்த்தட்டு

1

2025 ஜூன் 2, திங்கட்கிழமை, பிற்பகல் சரியாக மூன்று மணி. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில் ஒன்பது டிகிரி குளிர், சன்னலில் சாய்வாக அடிக்கும் தூறல். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்போது காலை எட்டரை; நல்ல வெயில், மேகம் இரண்டே துண்டு. மேகத்தைக்கூட எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று முப்பத்தைந்து நிமிடம் நான் எங்கள் ஊர் வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன். கரும்போடு வண்டி வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை, இரண்டையும் கழித்து எழுதுவது என் வேலை. வேலை போய்விட்டது, கழிப்பது போகவில்லை. இங்கே மகன் கதிர் வீட்டில் மாடிப்படி பதினாறு, தெருமுனைவரை தபால் பெட்டி இருபத்திரண்டு. யாரும் கேட்பதில்லை, நானும் நிறுத்துவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி கோடை விடுமுறை முடிந்து திறந்த நாள். ஊரில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளி திறக்கும் நாளில் எங்கள் ஊரார் கல்விச் சீர் கொண்டுபோவார்கள். தாய்மாமன் வீட்டுச் சீர் போகிற மாதிரியேதான். மாரியம்மன் கோயிலிலிருந்து மேளம் முன்னே போகும், புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அதன் பின்னே, அவர்களுக்குப் பின்னால் வீட்டுக்கு ஒரு தட்டு. தேங்காய் பழத்தோடு நோட்டு, பென்சில், சுவர்க் கடிகாரம், துடைப்பம்கூட இருக்கும். தட்டுகளின் மொத்தம் ஒற்றைப்படையில் வரவேண்டும். பிள்ளைகள் தனித்தனியாக வேனேறித் தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், எல்லாரும் சேர்ந்து ஒரு பள்ளி ஆண்டைத் தொடங்கினால் என்ன என்று தலைமையாசிரியை விஜயா டீச்சர் கேட்டு ஆரம்பித்து வைத்தது.

என் மனைவி ராஜம்மாள் அந்தப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எங்கள் வீட்டுத் தட்டை இரண்டு வருடம் அவள்தான் தலையில் வைத்துக்கொண்டு போனாள். இரண்டாவது முறை மூக்குக்கண்ணாடியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அந்த வருடம் செப்டம்பரில், பேத்தி நிலாவைப் பார்த்துக்கொள்ள இருவரும் இங்கே வந்தோம். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். ஊர் வீட்டைப் பூட்டிய சாவி என் அலமாரியில் இருக்கிறது. இங்கே அதற்குப் பூட்டு இல்லை என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

2

நாங்கள் வந்த பிறகு எங்கள் தட்டைத் தங்கை சரோஜா கொண்டுபோனாள். அவளும் அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தன் வீட்டுத் தட்டின்மேல் என் தட்டை அடுக்கித் தூக்கிக்கொள்வாள். பெங்களூரிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போனவர்களின் தட்டும் இப்படியே ஆளுக்கு மூன்று நான்கு என்று அடுக்கிப் போனது. தட்டு கூடிக்கொண்டே வந்தது, ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இந்த மே மாதக் கடைசியில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கோயில் தர்மகர்த்தா சின்னசாமி ஒரு குரல் பதிவு போட்டான். அவன் என்னோடு ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். 'போன வருசம் பாத்தா கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாற தட்டு எடுத்துக்கிட்டுப் போறாப்ல இருந்துச்சு. ஆளு இல்லாம தட்டு மட்டும் போனா அது சீரா, பார்சலா? இந்த வருசம் ஒரு தட்டுக்கு அந்த வூட்டு ஆளு ஒருத்தர் நடந்து வரணும். பூட்டுன வூட்டுக்குத் தட்டு கெடையாது. மனசுல வெச்சுக்காதீங்க.'

மனசில்தான் வைத்துக்கொண்டேன். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"எங்க வூட்டுத் தட்டு எட்டு வருசத்துல நின்னதே இல்லியேப்பா சின்னசாமி."

"கொரோனாவுல ரெண்டு வருசம் சீரே நடக்கலியே. கணக்குப் புலி, அதக் கழிக்கலியா நீ?"

"அதக் கழிச்சாலும் ஆறு."

"ஆறு வருசமும் உன் தங்கச்சிதான் தூக்குச்சா?"

"நாலு. ரெண்டு வருசம் என் வூட்டுக்காரி."

பிறகு மெதுவாகச் சொன்னான்: "அந்தம்மா இருந்தா நானே வூட்டுக்கு வந்து கூட்டியாருவன். உனக்குன்னு ஒரு விதி, திருப்பூர்க்காரனுக்கு ஒரு விதின்னு சொன்னா என்னய மேளத்துக்கு முன்னால நிக்க வெச்சுக் கேப்பாங்க. நீ வந்து நட. ஒண்ணுமில்ல, பிளேன் ஏறினா ஒரு நாளு."

ஒரு நாள் இல்லை, இருபத்து மூன்று மணி நேரம், மூன்று விமானம். எனக்கு இடது முழங்காலும் சரியில்லை, டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. இதைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

சரோஜா மறுநாள் கூப்பிட்டாள். "அண்ணா, நீ தட்டுக்கு என்னென்ன வெக்கணும்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அதான் கூடாதுன்னுட்டானே."

"கூடாதுன்னா கோயில்கிட்ட வந்து சொல்லட்டும். எடுத்துக்கிட்டு வந்த தட்ட எறக்கி வெக்கச் சொல்ற அளவுக்கு அவருக்குத் தெகிரியம் இல்ல."

எனக்கு அந்தத் தைரியம் இல்லாததால் ஒரு வாரம் தூக்கம் கெட்டது. தட்டைக் கோயிலிலிருந்து வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? அப்படித் திரும்பி வந்த தட்டு ஒன்றை நான் இங்கேயே பார்த்திருந்தேன்.

3

இங்கே பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. நிலாவுக்குப் பதினோரு வயது. இந்த வருடம் 'இன்டர்மீடியட்' என்கிற பள்ளிக்கு மாறினாள். ஏழு, எட்டு இரண்டே வகுப்புகள். ஆனால் இவர்களுடைய ஏழாம் வகுப்பு, வயதுக்கணக்கில் நம்முடைய ஆறாம் வகுப்புதான்.

சேர்ப்பதற்கு அந்த வட்டாரத்தில் குடியிருக்கிறோம் என்று மின்கட்டண ரசீது கேட்டார்கள். விசா நகல், தடுப்பூசி விவரம், எந்தக் கடலை, கொட்டை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பக்கம், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு பக்கம். அதில் கதிர் என்னை நாலாவதாகப் போட்டிருந்தான். மூன்றாவது பக்கத்து வீட்டுப் பெண்மணி. அதைச் சரிபார்க்கப் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, குழந்தைக்கு நீங்கள் யார் என்று கேட்டாள். 'சொந்தத் தாத்தா' என்பதை நான் அப்படியே, "ஓன் கிராண்ட்ஃபாதர்" என்றேன். "வேறு விதமான தாத்தாவும் உண்டா?" என்று சிரித்தாள். நல்ல பெண்தான். வைத்த பிறகு நான் அரைமணி நேரம் யோசித்தேன், நம்மிடம் எத்தனை விதம் உண்டு என்று.

முதல் நாள் காலையில் ஒரு தட்டு எடுத்து வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, ஒரு டஜன் பென்சில் வைத்துப் பூவும் வைத்தேன். கதிர் கார் சாவியோடு நின்று பார்த்தான்.

"அப்பா, இதெல்லாம் அங்க வாங்க மாட்டாங்கப்பா."

"பென்சிலக்கூடவா?"

"தாத்தா, ப்ளீஸ்," என்றாள் நிலா. "எல்லாரும் பார்ப்பாங்க."

பார்ப்பதற்குத்தானே எடுத்துப்போகிறோம் என்று எனக்குப் பட்டது. தட்டு பின்சீட்டில் என் மடியில் வந்தது, பள்ளி வந்ததும் காரிலேயே இருந்துவிட்டது.

உள்ளே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. புதுப் பிள்ளைகளும் பெற்றோரும் வாசலில் ஒரு கூட்டமாக நிற்க, எதிரே நின்ற, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண் ஒருத்தி நீளமாகக் குரலெடுத்து அழைத்தாள். அந்தக் குரலுக்குப் பதில் குரல் எங்கள் பக்கத்திலிருந்து போனது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஒன்றாக மெல்ல நடந்தோம். யாரும் முந்தவில்லை. பேச்சு, பாட்டு எல்லாம் நடந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடைசியாகப் பேசி முடித்து, ஓர் உறையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து குனிந்து எடுத்துக்கொண்டார்.

"அது என்னம்மா?" என்று நிலாவிடம் கேட்டேன்.

"கோஹா. வந்தவங்க எல்லாருக்குமா சேர்த்து குடுக்கறது. கிஃப்ட் மாதிரி."

என் தட்டு காரில் இருந்தது. நாற்பது அடி தூரம் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்திருந்தால் வாங்கியிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. முழங்கால் ஓடவிடவில்லை, பேத்தி திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை பழம் பிரிட்ஜுக்குப் போனது, தேங்காய் சட்னி ஆனது. எங்கள் வீட்டுத் தட்டு ஒன்று பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பி வந்தது அதுதான் முதல் முறை.

4

ஜூன் 2 இங்கே இங்கிலாந்து அரசருடைய பிறந்தநாள் விடுமுறை. அவர் பிறந்தது நவம்பரிலாம். குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை விடுமுறை தேவைப்பட்டதால் ஜூனில் பிறக்க வைத்துவிட்டார்கள். ஆக நிலா வீட்டில் இருந்தாள்.

மூன்று மணிக்கு சரோஜாவின் கணவர் மாதையன் வீடியோவில் வந்தார். என் தங்கை கணவர், என்னைவிட ஒன்பது வயது இளையவர், தக்காளி போடுகிறவர். பாலக்கோடு மண்டியில் விலை ஏறிய ஒரு பருவத்தில், நான்கு சுற்று தக்காளி பறித்து விற்ற கையோடு வாங்கிய பெரிய போன் அவருடையது. அதைப் பிள்ளைபோல் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

"மச்சான், தெரியுதுங்களா? கோயில் தெரியுதுங்களா?"

கோயில் தெரிந்தது. கூட்டம் தெரிந்தது. மேளக்காரர் தவிலுக்கு வாரை இழுத்துக்கொண்டிருந்தார். சின்னசாமி விரல் நீட்டித் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். சரோஜா காலடியில் இரண்டு தட்டுகள்.

"முப்பத்தெட்டு," என்றான் சின்னசாமி. "இரட்டைப்படையா இருக்குதே. ஒண்ணு கொறையுது."

"என்னுதச் சேத்தா முப்பத்தொம்பது," என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

அவன் திரும்பிப் போனைப் பார்த்தான். "இவன் எங்கிருந்து வந்தான்?"

"கூட்டத்துல இருக்காருங்க," என்றார் மாதையன்.

"மாதையா, வெளையாடாத. அந்த வூட்டு ஆளு நடந்து வரணும்னு சொல்லியாச்சு. இன்னைக்கு அவனுக்கு வுட்டா நாளைக்கு எல்லாரும் போனத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க."

"நிக்கட்டும்," என்றாள் சரோஜா. "பணத்த அனுப்பிட்டுத் தூங்கறவங்க எத்தன பேரு. எங்கண்ணன் எதிர்ல நிக்குது, எண்ணுது. உங்களுக்கு ஒரு தட்டு வேணுமா, வேணாமா?"

பெண்கள் சிரித்தார்கள். கையில் இருந்த தேநீர் ஆறிப்போனதை அப்புறம்தான் கவனித்தேன்.

சின்னசாமி தவில்காரரைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான். "நடக்கறதுன்னா மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கூட வரணும். நடுவுல கட்டாச்சுன்னா தட்ட எறக்கிருவன்."

"அப்ப எங்க வெக்கறது அவரை?" என்று மாதையன் கேட்டார். அவருக்குத் தன் வீட்டுத் தட்டைத் தூக்க வேண்டும். யோசிக்காமல் போனை என் தட்டில், தேங்காய்க்கும் வாழைச் சீப்புக்கும் நடுவில், மல்லாக்க வைத்தார். சரோஜா தட்டைத் தலைக்கு ஏற்றினாள்.

அப்போது வானம் வந்தது.

வேறொன்றும் இல்லை. ஓரத்தில் ஒரு வாழைப்பழ நுனி, மீதி முழுக்க நீலம். மேளம் அடித்தது, வானம் ஆட ஆரம்பித்தது.

நிலா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "தாத்தா, ஸ்கை மட்டும்தான் தெரியுது."

"ஆமாம்மா. ஊர்ல போய்க்கிட்டு இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேப்பங்கிளை ஒன்று போனது. அது கோயில் திருப்பம். மின்கம்பிகள் மூன்றாகப் போய் ஐந்தாகப் பிரிந்தன. அது ரேஷன் கடை. பிறகு மாவு மில்லின் இரைச்சல். மிளகாய் அரைக்கிறார்கள் போலிருக்கிறது, சரோஜா தும்மினாள், வானம் குலுங்கியது.

"சரோஜா, பைய நட, தேங்கா உருளுது," என்றேன்.

"தலமேல ஏறி உக்காந்துக்கிட்டு அதிகாரம் வேற."

"யாருக்கா தட்டுல பேசறது?" என்று ஒரு குரல்.

"எங்கண்ணன். சீரு கொண்டுக்கிட்டுப் போவுது."

"வெயிலு அடிக்கப்போவுது, துண்ட மூடுக்கா."

நல்லவேளை மூடவில்லை. பழத்திலிருந்து இறங்கிய எறும்பு ஒன்று கேமராவின்மேல் ஏறி, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு யோசித்தது. நிலாவுக்கு அது பிடித்திருந்தது. "எவ்ளோ பெருசு," என்றாள். எனக்கு பேட்டரி எத்தனை சதவீதம் என்ற கவலை. கேட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், பார்த்தால் கட்டாகும். கேட்கவில்லை. பால் சொசைட்டி முன்னால் மேளம் நின்று வாசித்தபோது மேகம் ஒன்று வந்தது. புளியமரம் வந்ததும் இருட்டிவிட்டு வெளுத்தது. அதற்கு அடுத்தது பள்ளிக்கூட வளைவு. அதன் அடிப்பகுதியை அன்றுதான் பார்த்தேன். பூச்சு பெயர்ந்து, குளவி கூடு கட்டியிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை அதற்குக் கீழே போயிருப்பேன், ஒரு தடவையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

தட்டு இறங்கியது. விஜயா டீச்சரின் முகம் வந்தது.

போய்ச் சேர்ந்துவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

5

பத்து நிமிடம் கழித்துத்தான் வம்பு தொடங்கியது. தட்டுகளை எல்லாம் கூடத்து மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த விசிறியும் ஒரு வருடத்துச் சீர்தான். மாதையனின் கை மேலே வந்தது. அதற்குமேல் இன்னொரு கை வந்து அதைப் பிடித்தது.

"என்னா பண்ற?" சின்னசாமியின் குரல்.

"போனுங்க. எம்போன எடுத்துக்கறேன்."

"தட்டுல வெச்சதத் திருப்பி எடுக்கறதா? சீருல கை வெப்பியா நீ?"

"ஐயோ, அது சீரு இல்லீங்க. அது மச்சான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆனால் சிரித்த பெண்களில் ஒருத்தியே, "சிரிக்கறது சிரிங்க, தட்டுல வெச்சது பள்ளிக்கூடத்துக்குத்தான். எறங்குன தட்டுல இருந்து ஒரு வெத்தல எடுக்கக் கூடாது," என்றாள். இன்னும் நான்கைந்து குரல்கள் சேர்ந்தன. டீச்சர், "அட விடுங்கம்மா, பாவம் அவரு," என்று சொல்லிப் பார்த்தார். மாதையன் கையை எடுக்கவில்லை. "நாலு சுத்துத் தக்காளிங்க அது."

போனைத் திருப்பிக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு மூக்குக்கண்ணாடி நினைவு வந்தது.

ராஜம்மாள் இரண்டாவது முறை தட்டைக் குனிந்து இறக்கியபோது அவள் கண்ணாடி நழுவித் தட்டில் விழுந்தது. டீச்சர் எடுத்து நீட்டினார். இவள் வாங்கவில்லை. "தட்டுல உழுந்தது உழுந்ததுதாங்க. புள்ளைங்களோடது," என்று சொல்லிவிட்டு, அரிசிக் கல்லைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டு ஒரு மாதம் இருந்தாள். ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்க் கண்ணாடி என்று நான் அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னசாமி மறந்திருக்க மாட்டான். அவள் வாங்காததை என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் அப்புறம் அது என்ன தட்டு?

"மாப்ளே," என்று கூப்பிட்டேன். சத்தம் அடங்கியது. "வுட்ருங்க. அது சீருதான். உங்களுக்கு இதே போனு நான் வாங்கித் தரேன்."

"இதே கலரா மச்சான்?"

"இதே கலரு."

"சிம்மு மட்டும் என்னுதுங்க," என்று அவர் சின்னசாமியிடம் சொன்னார். அதில் மட்டும் பேரம் படிந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம், மச்சான் பேசி முடிக்கட்டும் என்றார் மாதையன். நல்ல மனுஷன்.

டீச்சர் போனைக் கையில் எடுத்தார். "ஐயா, ஒண்ணு காட்டறேன் இருங்க," என்று பீரோவைத் திறந்தார். சாக்குக்கட்டிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு உறை. "அம்மாவோட கண்ணாடிங்க. எட்டாங்கிளாஸ்ல லென்ஸ் பாடம் வந்தா இதத்தான் எடுப்பம். வெயில்ல காட்டிக் காயிதத்தப் பொசுக்கிப் பாப்பாங்க. ஒரு பக்கம் கீறலு உழுந்துருச்சு, இன்னொண்ணு நல்லா இருக்குதுங்க."

இடது பக்கக் கம்பியில் அவள் சுற்றிய நூல் அப்படியே இருந்தது. பச்சை நூல். "தாத்தா, அது பாட்டியோடதா?" என்று நிலா கேட்டாள். தலையாட்டினேன்.

டீச்சர் போனைச் சார்ஜரில் போட்டு ஆறாம் வகுப்பு மேசைமேல் நிறுத்தி வைத்துவிட்டுப் போனார். நான்கு பெண் பிள்ளைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"ஏய், இதுல ஒரு அக்கா இருக்குது. அக்கா, நீ என்னா கிளாஸ்?"

"இயர் செவன்," என்றாள் நிலா.

"ஏழா? நாங்க ஆறு. உங்க ஸ்கூலு இன்னைக்கு லீவா?"

"ஆமா. கிங்... ராஜாவுக்கு பர்த்டே."

"ராஜாவா?" அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நிலாவும் சிரித்தாள். எதற்கு என்று இரு தரப்புக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அலுத்தது, மாடிக்குப் போய்விட்டாள். பதினாறு படி.

நான் போகவில்லை. வருகைப்பதிவு நடந்தது. ஆறாம் வகுப்பில் பதினான்கு குரல். புதுப் புத்தகம் கொடுத்தார்கள். கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. இங்கே ஐந்து மணிக்கு இருட்டியது. ஆறரைக்குக் கதிர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னுமாப்பா?" என்றான். மாதையன் இரண்டு தடவை வந்து சிம்மைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்.

"கொஞ்சம் இருங்க மாப்ளே. சோத்து மணி அடிக்கட்டும்."

எங்களுக்கு ஏழு மணி, அங்கே பன்னிரண்டரை. மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தூரத்தில் அண்டாவின் விளிம்பில் கரண்டியை இரண்டு முறை தட்டும் சத்தம் வந்தது. ஒட்டிய சோறு விழுவதற்காகத் தட்டுவது. யார் கரண்டி பிடித்தாலும் அதே சத்தம்தான் போலிருக்கிறது.

"இப்ப எடுத்துக்குங்க," என்றேன்.

6

ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் கணக்கையும் எழுதிவிடுகிறேன். தட்டு இருநூற்றெண்பது. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு இருநூற்றுப் பத்து. ஜாமெட்ரி பாக்ஸ் பத்து, தொள்ளாயிரத்தைம்பது. மறு வாரம் மாதையனும் சரோஜாவும் தர்மபுரிக்குப் போய் அதே போனை அதே நிறத்தில் வாங்கினார்கள். பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அவருக்கு மட்டும் போகவர டிக்கெட் முப்பத்தாறு. தங்கைக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை. டீயும் பஜ்ஜியும் நாற்பத்தைந்து. இதை அவர் சொல்லவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். எல்லாம் என் ஆலை ஓய்வூதியக் கணக்கிலிருந்து, ஏறக்குறைய ஏழு மாதத்துப் பணம். கதிருக்குத் தெரியாது.

கூட்டினால் பதினைந்தாயிரத்து ஐந்நூற்றிருபது. இரட்டைப்படையாக வந்தது. ஒரு ரூபாய் சேர்த்து அனுப்பினேன்.

ரூபாய் 15,521.